மொய்யை நம்பிய படிப்பு

மூத்தவள் வயதுக்கு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. "புள்ள பேர்ல பேங்குல ஏதாச்சும் போட்டு வைக்கலாம்லா" என்றார் என் வீட்டுக்காரர். தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் நான் கேட்கமாட்டேன்.

"உங்க சொந்தக்காரங்களுக்கு இத்தன வருஷமா மொய் வச்சேனே, அத யாரு திருப்பித் தர்றது? மொதல்ல சடங்குக்குப் பிரிஞ்சாங் டவுன்ல டேவான் மண்டபம் புக் பண்ணுங்க. வர்ற மொய்ய அப்படியே படிப்புக்குப் போட்டுடலாம்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அதுதான் என் திட்டம். தேயிலை மலையில் கொழுந்து வெட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட்டேன். யார் கூட்டி வைப்பார்கள், யார் கையை விரிப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். அந்த அறிவுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

சடங்கு ஜோராக நடந்தது. மேடையில் ஊஞ்சல் கட்டினோம், மூன்று பட்டுப்புடவை மாற்றினோம், ஈப்போவிலிருந்து சமையல்காரர்கள் வந்தார்கள். மொய்யும் வந்தது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும் கொடுத்தது போக, மிச்சம் வீட்டுச் சாமான் வாங்கவே சரியாக இருந்தது. அதோடு விட்டதா? வந்த மொய் நம் காசு இல்லையே. அடுத்த மாதமே ஒரு கல்யாணம், பிறகு ஒரு காதுகுத்து. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைக்காவிட்டால் சொந்தத்தில் தலைகாட்ட முடியுமா? இப்படியே ஐந்து வருஷம் ஓடிப்போனது.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிவு நல்லபடியாக வந்தது. ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் தாதிப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. கல்விக் கடன் இருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன். சேர்ந்த பிறகுதான் அந்தக் கடன் கைக்கு வரும், சேர்வதற்கே முன்பணம், விடுதி, உடுப்பு என்று கட்ட வேண்டும் என்பது கல்லூரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். கேட்டவர்களிடம் மலைப்பாதை தலை சுற்றுகிறது என்றேன்.

அவள் பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். "காசு சேர்த்துக்க, அடுத்த வருஷம் போலாம்லா" என்றேன். ஒவ்வொரு வருஷமும் இதையே சொன்னேன். அவளும் ஒவ்வொரு வருஷமும் சரிம்மா என்றாள்.

போன மாதம் சின்னவள் வயதுக்கு வந்தாள். நாத்தனார் போன் செய்து எந்த டேவான் என்று கேட்டார். ஒன்றும் செய்யப்போவதில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எங்கே வாய் வருகிறது? "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். வேலை முடிந்து உள்ளே வந்த மூத்தவள் காதில் அது விழுந்துவிட்டது.

"வீட்லயே தண்ணி ஊத்துவோம்மா. எனக்குச் செஞ்ச மாதிரி இவளுக்கும் செஞ்சிடாதீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இவ படிப்புக்கு நான் மாசாமாசம் பேங்குல போட்டுக்கிட்டு வர்றேன். காலேஜுக்குப் போறப்ப சரியா இருக்கும்."

அவள் சேர்ப்பதெல்லாம் அவளுடைய படிப்புக்கு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அடுத்த வருஷம் போலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தக் காசை நம்பித்தான். எப்போதிலிருந்து போடுகிறாய் என்று கேட்டேன்.

"மொத சம்பளத்துலேருந்தும்மா" என்றாள்.