நைட் ஷிப்ட் கேட்டு ஒரு கடிதம்

2015-ம் வருடம் சித்திரை மாதம் நடந்தது இது. அப்போது நானும் என் கணவரும் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். இருவருக்குமே சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெயினி. நான் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் அசெம்பிளி லைனில் நின்றேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம் எங்கள் குடும்பம் நடந்தது பஸ் ஸ்டாப்பில்தான். அவர் காலை ஏ ஷிப்ட் முடிந்து இறங்குவார், நான் மத்தியான பி ஷிப்டுக்கு ஏறுவேன். நான் ஏ-வுக்கு மாறினால் அவருக்கு ராத்திரி சி போட்டிருப்பார்கள். சாப்பாடு அடுப்பில் இருக்கிறது, சிலிண்டர் தீரப் போகிறது, அம்மா போன் பண்ணினாள். பத்து நிமிடத்தில் இதற்குமேல் என்ன பேச முடியும்?

என் காண்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஊரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்த பழக்கம் இருந்தது. பழைய லேப்டாப் ஒன்றையும் டேட்டா கார்டையும் வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் வேலை தேடினேன். அமெரிக்காவில் குழந்தைகள் சட்டை விற்கும் ஒரு பெண்மணி கிடைத்தார். அவர் அனுப்பும் படங்களில் பின்னணியை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். அவருக்குப் பகல் என்றால் நமக்கு இரவு. சி ஷிப்ட் என்று நினைத்துக்கொண்டு சாயங்காலம் ஏழரைக்கு உட்காருவேன், விடியும் முன் எழுந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் டிஜிட்டல் நோமேட் என்ற வார்த்தையைப் படித்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தேசம் தேசமாகப் போய், அங்கங்கே தங்கி வேலை பார்ப்பவர்களாம். எனக்குத் தெரிந்த உலகம் அதுவரை கம்பெனி பஸ் ஜன்னலில் ஓடிய வாலாஜாபாத் ரோடு மட்டும்தான். ஆசை பிடித்துக்கொண்டது. கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வேலை நிரந்தரமாகும் கன்ஃபர்மேஷனுக்குக் காத்திருந்தார், நீண்ட லீவு போட வழியில்லை. நான் மட்டும் மூன்று மாதம் போய்ப் பார்க்கிறேன் என்றேன். "போயிட்டு வா, பாத்துக்கிடலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லிவிட்டாரே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நம்மை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

எந்தப் பக்கம் போவது? பழைய காலண்டர் அட்டையின் பின்புறம், கம்பெனியில் ஷிப்ட் சார்ட் ஒட்டுவார்களே, அதே மாதிரி கட்டம் போட்டேன். தென்கிழக்கு ஆசியா, கிழக்கு ஐரோப்பா, தென் அமெரிக்கா என்று மூன்று பத்தி. விசா, வாடகை, இன்டர்நெட், சோறு கிடைக்குமா, வேலை நேரம் என்று வரிசைகள். ஐரோப்பா குளிரிலேயே அடிபட்டுப் போனது. தாய்லாந்து பக்கம் செலவு குறைவு, சோறும் கிடைக்கும். ஆனால் அங்கே போனாலும் அமெரிக்காக்காரிக்காக ராத்திரிதான் கண்விழிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்ற நாட்டில் நேரம் அந்தப் பெண்மணியின் ஊர் நேரத்தை ஒட்டியே வந்தது. காலையில் உட்கார்ந்து சாயங்காலம் எழுந்துவிடலாம். டிக்கெட்தான் யானை விலை. பரவாயில்லை, ஜெனரல் ஷிப்ட் கிடைக்கிறதே என்று பச்சை ஸ்கெட்சால் வட்டம் போட்டேன்.

கணவர் சார்ட்டைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், ஒன்றே ஒன்று கேட்டார். அங்கே ராத்திரி பத்து மணி என்றால் இங்கே என்ன நேரம்? காலை எட்டரை என்று சொல்லிவிட்டு நான் டிக்கெட் விலை பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் குழாயடியில் வீட்டுக்கார அம்மாவின் மருமகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். என் வயதுதான் அவளுக்கும். என் கணவர் வேலை செய்யும் கம்பெனி கேன்டீனில் அவள் வேலை பார்த்தாள்.

"இன்னாக்கா, வூட்ல எதுனா சண்டையா?"

இல்லையே என்றேன்.

"கேன்டீன் பூரா அதான் பேசிக்கினு கீறாங்க. அண்ணன் மூணு மாசத்துக்கு நைட்டே குடுங்கன்னு சூப்பர்வைசராண்ட எழுதிக் குடுத்துகீறாரு. வூட்டுக்குப் போவப் புடிக்காதவங்கதான் அப்டி கேப்பாங்கோ."

குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. சி ஷிப்டைத் தள்ளிவிட வயிற்றுவலி, தலைவலி என்று எத்தனை பேர் கெஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டு வாங்கியவர்களை நான் பார்த்ததே இல்லை. நினைத்தது சரிதான், நான் கிளம்புவதில் இவருக்கு மனது விட்டுப்போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

அன்று அவருக்கு ஏ ஷிப்ட். இரண்டரை மணிக்கு வந்தவரைக் கையைக்கூடக் கழுவ விடாமல் பிடித்துக்கொண்டேன். ஏன் எழுதிக் கொடுத்தீர்கள், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"ஏட்டி, நீ அங்க வேலய முடிச்சு, சாப்ட்டு உக்காருத நேரம் எனக்கு இங்க விடிஞ்சிருக்கும். நைட்டு பாத்துட்டு வந்தம்னா ரெண்டு மணி நேரம் பேசலாம். பெறவு நீயும் தூங்குவ, நானும் தூங்குவேன். கல்யாணமாயி நாம இன்னும் ஒரே ஷிப்ட்ல இருந்ததே இல்லியே."

சுவரில் மாட்டியிருந்த சார்ட்டைப் பார்த்தேன். விசா இருந்தது, வாடகை இருந்தது, சோறுகூட இருந்தது. அவருக்கு ஒரு வரிசை இல்லை. அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டே அழுதேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி, ரசத்தில் உப்பு குறைவு என்றார்.

அன்று சாயங்காலமே அமெரிக்கப் பெண்மணிக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பயந்து பயந்து எழுதினேன். உங்கள் பகல் நேரத்தில் நான் விழித்திருக்க முடியாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவீர்களா? பதில் உடனே வந்தது. காலையில் கடை வேலையைத் தொடங்கும்போது படங்கள் தயாராக இருந்தால் போதும், நீ எந்த நேரத்தில் செய்தால் எனக்கென்ன, தினமும் அந்நேரத்துக்கு நீயாகத்தான் விழித்திருக்கிறாய் என்றல்லவா நினைத்தேன் என்று எழுதியிருந்தார்.

என்னை நானே என்ன சொல்வது! சூப்பர்வைசர் இருக்கும் ஷிப்டில்தான் நாமும் இருக்க வேண்டும் என்பது லைனில் நின்று நின்று ரத்தத்திலேயே ஊறிவிட்டது. யாரும் கேட்காத சி ஷிப்டை எனக்கு நானே போட்டுக்கொண்டு, அவர் வீட்டில் இருந்த இரவுகளையும் தொலைத்திருக்கிறேன். போதாததற்கு அதை வைத்தே உலகத்தின் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அவரையும் அதற்கேற்ப இரவில் விழிக்க வைக்கப் பார்த்திருக்கிறேன்.

பச்சை வட்டத்தை அடித்துவிட்டுத் தாய்லாந்துக்கு மாறினேன். நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். கணவர் கடிதத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது சூப்பர்வைசர், "இன்னாப்பா, சமாதானம் ஆயிட்டீங்களா?" என்றாராம். இந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல அலுப்புப் பட்டு, இவரும் "ஆமா சார்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் கேன்டீன்காரி என்னிடம், இனிமேலாவது அனுசரித்துப் போகச் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

ஆனியில் கிளம்பினேன். வடக்குத் தாய்லாந்தில் ஒரு சின்ன ஊர். அவருக்கு ஏ ஷிப்ட் வரும் வாரங்களில், அவர் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் நிற்கும்போது எனக்கு மணி நாலு. நானும் ஒரு டீயோடு உட்கார்ந்துகொள்வேன். பஸ் ஸ்டாப்பில் விட்டுப்போன பேச்செல்லாம் போனில் பேசினோம்.

அதற்குப் பிறகு இன்னும் சில நாடுகளுக்குப் போய் வந்துவிட்டேன், இரண்டு முறை அவரும் கூட வந்தார். அந்தக் கடிதம் என் பாஸ்போர்ட் உறைக்குள்தான் இருக்கிறது. என் வாழ்க்கையில் எனக்கென்று வந்த காதல் கடிதம் அது ஒன்றுதான். அது "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கினாலும், அதில் என் பெயர் எங்கேயும் இல்லாவிட்டாலும், எந்த ஊருக்கு டிக்கெட் போடும் முன்பும் அதை ஒரு முறை எடுத்துப் படித்துவிட்டுத்தான் மற்ற கணக்கெல்லாம் பார்க்கிறேன்.