ஒரு காதுக்கு இரண்டு குரல்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவர், தன் காதால் கேட்டுப் பார்க்காமல் எந்த மெஷினையும் கழற்ற மாட்டார். அன்று அவரைக் கூப்பிட்டது, பேட்டிப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து பிழைக்கும் அக்கா.

“கேள்வி கேக்குது தம்பி. பதில் சொல்றவரு வாயே தொறக்க மாட்டேங்குறாரு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பலேன்னா இந்த வேலை கைவிட்டுப் போயிடும்.”

அவர் அக்காவின் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். வலப்பக்கம் கேள்வி, இடப்பக்கம் பதில். இரண்டும் தெளிவாக வந்தன.

“இடம் வலம் மாத்தி மாட்டிப் பாருங்கக்கா.”

அக்கா அப்படியே மாட்டினார். இப்போது பதில் கேட்டது, கேள்வியைக் காணோம்.

பழுது மெஷினில் இல்லை என்று பழுது பார்க்க வந்தவருக்குப் புரிந்தது. செட்டிங்ஸில் மோனோ ஆடியோவைப் போட்டார். இனி இரு குரலும் கலந்து இரு பக்கமும் வரும்.

“அட, ரெண்டு பேரும் பேசுறாங்களே! என்ன கோளாறு?”

“செட்டிங்ஸ்ல சின்னக் கோளாறுக்கா.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இடது காதுன்னு சொல்லேன் தம்பி. எனக்கும் ரெண்டு மாசமா சந்தேகந்தான்.”

“அதை டாக்டர் சொல்லட்டும். காலைல வண்டியோட வரேன், கிளம்பி இருங்க.”

அக்கா தலையாட்டிவிட்டுத் தட்டச்சைத் தொடங்கினார்.