கிளவுஸ் போடாத மோசஸ்

1. மூக்கை நம்பியது

பெட்ரோல் டேங்கரில் வெல்டிங் அடிப்பதற்கு முன்னால் டேங்கை நீராவி விட்டுக் கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், அதன் பிறகுதான் வெல்டிங் ராடைத் தொட வேண்டும். நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்த நான் இதைத் தினமும் கத்திக்கொண்டிருப்பேன். கத்தி என்ன பிரயோசனம்? அன்று கசிவோடு ஒரு டேங்கர் வந்தது. எங்களிடம் கைதேர்ந்த வெல்டர் மோசஸ்தான். மேல்மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தன்னோடு வேலை செய்த இளைய வெல்டர் செந்திலிடம், "வாசமே இல்ல செந்திலு. சின்ன ஓட்டைதான, அடி" என்று சொல்லியிருக்கிறார். செந்தில் அடித்தான்.

நான் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெடித்த சத்தத்தில் கிளாஸ் கையை விட்டு விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் டேங்கின் பின்தகடு பிய்ந்து கிடக்கிறது. செந்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கிறான், விரலிடுக்கில் ரத்தம். சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தான். வலது கண் போய்விட்டது.

மோசஸ் எதையும் மறைக்கவில்லை. முதலாளியிடமும் போலீசிடமும் "நான்தானுங்க அடிக்கச் சொன்னேன்" என்றார். முதலாளி வாயில் வந்ததையெல்லாம் திட்டினார், வேலையை விட்டு மட்டும் நிறுத்தவில்லை.

2. முழுக்கைச் சட்டை

அடுத்த சித்திரை வெயிலில் எல்லோரும் பனியனோடு அலையும்போது மோசஸ் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானும் மாட்டியிருந்தார். டீ கிளாஸை இரண்டே விரலால் பிடித்தார். எனக்குப் பொறுமை கிடையாது. நேராகப் போய் அவர் சட்டைக் கையை இழுத்து மேலே ஏற்றினேன்.

அட கெரகமே! மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீப்புண். காய்ந்த புண்ணின் மேலேயே புதுப் புண். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவருடைய டூல் பெட்டியில் கிளவுஸ் மடிப்புக் கலையாமல் கிடந்தது. வெல்டிங் பொறி தெரியாமல் பட்ட காயமில்லை இது.

"ஏப்பா, பைத்தியமா உனக்கு?"

"சுட்டுக்கிட்டாத்தான் அந்தக் குரல் செத்த நேரம் நிக்குதுங்ணா."

"எந்தக் குரல்?"

"வெல்டிங் ஆர்க் புடிச்சாப் போதும், காதுக்குள்ள வந்து பேசுது. 'ஒருத்தன் கண்ணத் தின்னவன் நீ. சிலுவை மத்தவங்களுக்கு, உனக்கில்ல'ங்குது. நெசந்தானுங்களே?"

நாங்கள் இருவரும் ஒரே திருச்சபை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் நேரத்தில் அவர் எழுந்து வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் அப்போதுதான் புரிந்தது. "ஜெபம் பண்ணுப்பா, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றேன். வெந்த கையை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது? மறுநாளும் அவர் கிளவுஸ் போடவில்லை.

3. கவிதா கேட்டது

செந்தில் பட்டறை ஸ்டோரில் வேலை பார்க்கத் திரும்பி வந்தான். முதல் நாள் அவன் மனைவி கவிதாவும் கூட வந்தாள். ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் வேதம் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளைப் பார்த்ததும் மோசஸ் பின்னாலேயே நகர்ந்து தன் அலமாரியில் முட்டி நின்றார். அந்தக் கதவில் இயேசு கைகளை விரித்து நிற்கும் பழைய காலண்டர் படம் ஒட்டியிருந்தது.

அவள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள். "ஐயோ, என்னங்ணா இது?"

மோசஸ் தலையைக் குனிந்துகொண்டார். அவரே சுட்டுக்கொண்டது என்று நான்தான் உண்மையைச் சொன்னேன். கவிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி கோபம் வந்தது பாருங்கள்!

"உங்க கை வெந்தா என்ற ஊட்டுக்காரருக்குக் கண்ணு வந்துருமுங்களா? யாருங்க கேட்டா இத? எனக்கு உங்க மேல கோவம் இருக்குதுங்க, இல்லீனு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது எதுக்குங்க?" என்றவள் கதவுப் படத்தைக் காட்டினாள். "உங்க சாமி கையிலயும் காயம் இருக்குதுங்களே. அது எதனாலைங்க?"

"ஆணி அடிச்சதும்மா" என்றார் மோசஸ்.

"எதுக்கு அடிச்சாங்க?"

"நாங்க பண்ணுன பாவத்துக்கு அவரு..."

"அப்புறம் நீங்க எதுக்குங்க சுட்டுக்கறீங்க? அவரு பட்டது பத்தலீங்களா?"

முப்பது வருஷமாகக் கோயிலில் பாடிய என் வாயில் வராத கேள்வி அது. மோசஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து, கொப்புளக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி கேவினார். "எனக்கும் சேத்துத்தான் ஆண்டவரே, எனக்கும் சேத்துத்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். செந்தில் பெட்டியிலிருந்த கிளவுஸை எடுத்து அவர் மடியில் போட்டுவிட்டு ஸ்டோருக்குப் போனான்.

அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு மோசஸ் முன்னால் வந்து முழங்கால் போட்டார். அப்பத்துக்கு நீட்டிய கை பூராவும் தழும்பு. பக்கத்தில் இருந்த எனக்குக் கண்ணீர் பார்வையை மறைத்துவிட்டது.

இளைய வெல்டர்களுக்குச் சொல்கிறேன். டேங்கில் தண்ணீர் நிரப்பாமல் ராடைத் தொடாதீர்கள், மூக்கை நம்பாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உங்களை நீங்களே எரித்துக்கொள்ள வேண்டியதில்லை. மோசஸ் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது கேட்டேன்: "அந்தக் குரல் இன்னும் வருதா?"

"வருமுங்ணா. 'நீதான் செஞ்ச'ங்கும். 'ஆமா, நான்தான் செஞ்சேன், அதுக்குத்தான் அவரு செத்தாரு'ம்பேன்."

சொல்லிவிட்டுக் கிளவுஸை இறுக்கி மாட்டிக்கொண்டு ராடை எடுத்தார்.