சிவப்பு மெஷினுக்கு நீல பெல்ட்

நான் வேலை செய்வது திருகோணமலை நகரில். இரண்டு கம்பனிகளின் அறுவடை மெஷின்களை ஒரே கூரையின் கீழ் விற்கும் கடை. ஒன்று சிவப்பு, மற்றது நீலம். சேர்ந்த கையோடு உதிரிப்பாக அலுமாரிகளைப் பிரித்து அடுக்கினேன்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். "ஒன்றின் பாகத்தை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது" என்று அச்சடித்து ஒட்டியதும் நான்தான். படித்த டிப்ளோமாவுக்கு ஏதாவது பயன் இருக்க வேண்டுமே.

பெரும்போக அறுவடை நேரம். ஒரு நாள் காலை, தம்பலகாமத்திலிருந்து நாகராசா அண்ணன் அறுந்த பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருடையது சிவப்பு மெஷின். கம்பனி கொடுத்த வொறன்டிக் காலம் இன்னும் முடியவில்லை.

"பிள்ளை, மெஷின் வயலுக்க நிக்குது. மழை இருட்டிக்கொண்டு வருது. நெல்லு சாஞ்சா அறுக்க ஏலாது."

இடப்பக்க அலுமாரியில் அந்த பெல்ட் முடிந்திருந்தது. வலப்பக்கத்தில் அதே நீளம், அதே அகலத்தில் இரண்டு தொங்கின. பொருந்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு கம்பனியின் பாகத்தைப் பூட்டினால் வொறன்டி போய்விடும். கொடுத்த கடையையும் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆள், சிவப்புக் கம்பனியின் பிரதிநிதி றிஸ்வான், அன்றைக்கென்று எங்கள் கடைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான், ஒட்டிய தாளைப் பார்த்தேன்.

றிஸ்வான் எழும்பினார். "ஹாஜியார், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

"ஆறுதலாக் குடிங்க" என்றார் முதலாளி.

புத்தியுள்ளவள் அப்போதே பெல்ட்டை எடுத்துக் கொடுத்திருப்பாள். நான் றிஸ்வானுக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடைவரை ஓடினேன்.

"சேர், நீல பெல்ட்டைக் குடுக்கலாமெண்டு நினைக்கிறன். மூண்டு காரணம் இருக்கு. முதலாவது..."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, கடையில இருந்தா நான் பார்க்க வேணும். பார்த்தா எழுத வேணும். அதுக்குத்தான் இஞ்ச வந்து இந்தச் சீனிப் பாணித் தேத்தண்ணியைக் குடிக்கிறன். நீங்க இங்க வந்து சொன்னா நான் வேற எங்க போறது?"

"ரெண்டாவது காரணத்தையாவது கேளுங்கோ சேர்."

"போங்க தங்கச்சி. அந்த மனுசன் காத்துக்கொண்டு நிக்கிறார்."

திரும்பி வந்தபோது நாகராசா அண்ணனைக் காணவில்லை. வலப்பக்கத்தில் ஒரு பெல்ட்தான் தொங்கியது.

"காரணமெல்லாம் சொல்லி முடிஞ்சுதா, மகள்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"முதலாவதில பாதி."

பின்னேரம் மழை கொட்டியது. அதற்குள் அறுத்து முடித்துவிட்டதாக நாகராசா அண்ணன் போன் எடுத்தார். சிவப்பு பெல்ட் வந்ததும் நானே போய் மாற்றிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கம்பனி விதிகளைக் கவனமாகப் படியுங்கள். கம்பனி ஆள் தேத்தண்ணிக்கு எழும்பினால், அவரைத் தனியாகக் குடிக்க விடுங்கள்.