பாலைவனக் கோதுமையில் மஞ்சள் துரு

நோய் வருமுன்பே மருந்து கேட்பவனை எந்த ஆபீசிலும் மதிக்க மாட்டார்கள். ராஸ் அல் கைமா பக்கம் ஒரு கோதுமைப் பண்ணையில் பயிர் நோய் பார்க்க இந்த வருஷம்தான் சேர்ந்தேன்; அப்படிக் கேட்பதுதான் என் உத்தியோகம். 'மாஃபி முஷ்கில்', அதாவது 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்பதைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்த வளைகுடாவாசிகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கெஸ்ட்

மணல்காட்டில் பூஞ்சாணம் எப்படி வரும் என்கிறீர்களா? குளிர்காலத்தில் விடியற்காலை மூடுபனி இறங்கும். முந்தின சாயங்காலம் தெளித்த தண்ணீரும் சேர்ந்தால் இலை லேசில் காயாது. பூஞ்சாணத்துக்கு அது போதும். வெயில் வந்தபிறகு தண்ணீர் விடலாம் என்று மேனேஜர் பாஸ்கரனிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தாமல் மறுப்பதில் கெட்டிக்காரர். பாலைவனத்துப் பச்சையைப் பார்க்க ஆட்கள் காலையில்தான் வருவார்களாம்.

"பயிர் நனைஞ்சாப் பரவால்லீங்க, வர்ற கெஸ்ட் நனையக் கூடாது."

விரலில் ஒட்டியது

அடுத்த சில பனிகளுக்குப் பிறகு, வயலின் ஒரு மூலையில் இலையைத் தேய்த்துப் பார்த்தேன். விரலெல்லாம் மஞ்சள் தூள். துரு நோய். இலையைப் பறித்துக்கொண்டு ஓடி மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். இன்றைக்கே மருந்தடித்தால் மற்ற இடம் தப்பிக்கும் என்றேன். அவர் டிஷ்யூ எடுத்து மேஜையைத் துடைத்தார்.

"ஒரு மூலைக்கு மருந்து கேட்டா ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க. நல்லாப் பரவட்டும், அப்புறம் கேட்போம்."

முருகேசனின் லீவு

பரவியது. மருந்து வந்தது, முகமூடி வரவில்லை. மருந்தடிக்கும் முருகேசன் ராமநாதபுரத்துக்காரர். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தார். அடித்து முடித்தால்தான் லீவு என்றார் மேனேஜர். மூக்கில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு முருகேசன் மருந்தடிக்கக் கிளம்பியேவிட்டார். முகமூடி இல்லாமல் கூடாது என்று நான் டிராக்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். முகமூடி வந்துசேர்வதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. கேம்ப் ரூமில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் போனில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன்.

"என் நெஞ்சைக் காப்பாத்திட்டீங்க சார், சந்தோஷம். தங்கச்சி இனிமே என்கிட்ட பேசாதாம்."

அறுவடை

கதிர் இருந்தது, மணி இல்லை. இருந்த மணியும் சுருங்கிப் பதராகக் கிடந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று ஹெட் ஆபீசிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் பாஸ்கரன் என் தோளில் பிரியமாகக் கைபோட்டார்.

"போன வருஷம் நோய் பார்க்க ஆளும் இல்லீங்க, நோயும் இல்லீங்க."

பூஞ்சாணம் பிழைக்கக் கொஞ்சம் ஈரமாவது வேண்டும்; மேனேஜர்களுக்கு அதுவும் வேண்டியதில்லை.