லாத்வியாக்காரருக்கு மூன்றாம் தரம் வைத்த பாஸ்தா

"...அப்ப சிஞ்ஞோரா, வேண்டாம் எண்டு ஒருத்தன் ஒருக்காச் சொன்னா, அது வேண்டாம் எண்டு அர்த்தமோ?"

சூசை அண்ணை இப்படிக் கேட்டது எங்கள் முதலாளி அம்மாவிடம். கேட்ட இடம் இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலின் சமையலறை. கேட்ட நேரம்தான் பிழை. வெளியே மண்டபத்தில் ஒரு முழு உதைபந்தாட்ட அணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

1. மாரிக்கு வந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் அங்கே தட்டுக் கழுவினேன். மன்னார்க்காரரான சூசை அண்ணை பரிமாறினார். அந்த மாரி முடிய வேலை ஒப்பந்தம் எழுதித் தருவதாக சிஞ்ஞோரா அவருக்குச் சொல்லியிருந்தார். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, எடுக்கலாம். பெர்மெஸ்ஸோ இருந்தால் மனைவியைக் கூப்பிடலாம். "அந்தக் கடுதாசி கையிலை வரட்டும் தம்பி, பிறகு நான் நடக்கிற நடையைப் பார்" என்று தினமும் சொல்லுவார். நடை முன்னேற்பாடாக ஏற்கெனவே கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

மாரிக் குளிரில் கடற்கரை ஹோட்டலுக்கு யார் வருவார்? அந்த வருடம் லாத்வியாவிலிருந்து ஒரு தொழில்முறைக் கழகம் வந்தது. அவர்களுடைய மைதானம் பனிக்குள் கிடந்ததாம். சிஞ்ஞோராவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலிலேயே மீன் வந்து இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, பேரம் பேசும் சுகத்துக்காகவே பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறவர், அந்தக் கிழமை பேரம் பேசாமலே வாங்கி வந்தார்.

2. எண்பது நிமிட வரலாறு

அணியின் ஜேர்சியையும் சப்பாத்தையும் பார்த்துக்கொண்டவர் வால்டிஸ் என்ற வயதான மனிதர். சமையலறைக்குத் தேநீர் கேட்டு வருவார். அவருடைய பாதி இங்கிலீசும் என்னுடைய பாதி இங்கிலீசும் சேர்ந்தால் ஒரு வசனம் தேறும். அதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"நாடு தனியா வந்த பிறகு எங்களுக்கு ஐரோப்பாக் கதவு திறந்தது" என்றார். "ஒவ்வொரு கோடையும் தகுதிச் சுற்றுக்குப் போறம். ஒவ்வொரு கோடையும் முதல் சுற்றோடை வீட்டை வாறம்."

"அவ்வளவு மோசமாவோ விளையாடுறியள்?"

"மோசமில்லை! எண்பது நிமிசம் சிங்கம் மாதிரி நிப்பம். கடைசிப் பத்து நிமிசத்திலை கால் நிண்டுபோகும். ஒருமுறை சமநிலையிலை இருந்து ரெண்டு கோல் விட்டம். அடுத்த வருசம் வேறை நாடு, வேறை மைதானம், அதே பத்து நிமிசம். மற்றவைக்கு ஆட்டம் தொண்ணூறு நிமிசம். எங்கடை ஐரோப்பிய வரலாறு எண்பது நிமிசம்தான்."

அந்தப் பத்து நிமிடத்துக்கு மருந்து தேடித்தான் பலெர்மோவுக்கு வந்திருந்தார்கள். பயிற்சியாளரை இத்தாலியில் எல்லோரும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மிஸ்டர் சிரித்து நாங்கள் கண்டதில்லை. வெறும் பாஸ்தா, கொஞ்சம் எண்ணெய், ஒரு துண்டுக் கோழி, அதற்கு மேல் ஒன்றும் கூடாது என்று சமையற்காரரிடம் சொல்லியிருந்தார். பரிமாறுகிறவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

3. மண்டபத்தில் நடந்தது

பயிற்சி ஆட்டம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். எதிரணியில் பகலில் மீன் விற்கிறவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும். மிஸ்டர் முதலே மைதானம் பார்க்கப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு சூசை அண்ணையின் கையில்.

ஆட்டக்காரர் ஒரு தட்டுச் சாப்பிட்டார்கள். சூசை அண்ணை கரண்டியோடு போனார். "நோ, தேங்க் யூ." எங்கள் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் வைத்தார். அவர்கள் துடைத்துச் சாப்பிட்டார்கள். வெறும் தட்டைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. திரும்பவும் வைத்தார். திரும்பவும் துடைத்துச் சாப்பிட்டார்கள்.

"பாவம் பிள்ளையள், எத்தினை நாள் பட்டினியோ!" என்று உள்ளே வந்து கண்கலங்கினார். நான் கழுவ வந்த தட்டுகளைப் பார்த்தேன். கழுவ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆட்டத்தில் எண்பது நிமிடம்வரை லாத்வியாக்காரர்தான் முன்னுக்கு நின்றார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் மீன்காரரிடம் மூன்று கோல் வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹோட்டலுக்குத் திரும்பினார்கள்.

4. வழக்கு

"மதோன்னா! மூன்றாம் தரம் வைச்சது ஆர்?" என்று சிஞ்ஞோரா சமையலறைக்குள் வந்தார். "மிஸ்டர் நாளைக்கே வேறை ஹோட்டலுக்குப் போறாராம். அவங்கள் போனா, உன்ரை ஒப்பந்தமும் அவங்களோடை போகும்!"

அப்போதுதான் சூசை அண்ணை நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் தேநீருக்கு வந்து நின்ற வால்டிஸைப் பிடித்தேன்.

"வேண்டாம் எண்டால் ஏன் சாப்பிட்டவை?"

"தட்டிலை மிச்சம் விடுறதோ? எங்கடை வீடுகளிலை அதுக்கு அடி விழும். வைச்சா முடிக்கவேணும்."

"எங்கடை வழக்கத்திலை, முடிச்சா வைக்கவேணும்."

வால்டிஸ் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் அவருடைய தேநீர் முழுக்க நிலத்தில். சிரிப்பு முடிந்ததும் சூசை அண்ணையைக் கையில் பிடித்து மிஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நானும் சிஞ்ஞோராவும் பின்னால் போனோம்.

லாத்வியப் பேச்சு நீண்டது. மிஸ்டர் சூசை அண்ணையை மேலும் கீழும் பார்த்து என்னவோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"'வருசக்கணக்கா இந்தப் பத்து நிமிச நோயைத் தேடுறன், அது இஞ்சை கரண்டியோடை நிக்குது' எண்டுறார்" என்றார் வால்டிஸ். "ஆனா சந்தோசமா இருக்கிறார். இண்டைக்குப் பிழைச்சது காலில்லை, வயிறு எண்டு தெரிஞ்சுபோச்சு."

அணிக்குப் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் தட்டில் ஒரு வாய் மிச்சம் விடவேண்டும். மிச்சம் கிடந்தால் சூசை அண்ணை கிட்டப் போகக்கூடாது. அந்த ஒரு வாயைப் பார்த்து அந்தப் பெடியள் பட்ட வேதனை, கோல் விட்டபோதுகூடப் படவில்லை. அடுத்த பயிற்சி ஆட்டத்தில் கடைசிவரை ஓடினார்கள். ஹோட்டல் மாறவில்லை. மாரி முடிய ஒப்பந்தம் எழுதியாயிற்று. சூசை அண்ணையின் நடையும் முழுதாக மாறிற்று.

5. பதில்

பரிமாறுகிற வேலைக்கு வரும் தம்பி தங்கையருக்கு நான் சொல்வது ஒன்றுதான். சாப்பிட வந்தவருடைய ஊரில் 'போதும்' என்பதை எப்படிச் சொல்வார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சில ஊரில் வாயால் சொல்வார்கள், சில ஊரில் தட்டால் சொல்வார்கள்.

இதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

அடுத்த மாரி அதே கழகம் திரும்ப வந்தது. கோடையில் ஐரோப்பா என்ன மாதிரி என்று வால்டிஸிடம் கேட்டேன்.

"கடைசிப் பத்து நிமிசத்திலை ஒரு கோலும் விடேல்லை!" என்றார் பெருமையாக.

"அப்ப வெண்டியளோ?"

"இல்லை. இந்தமுறை முதல் பத்து நிமிசத்திலை விட்டிட்டம்."

அன்று மத்தியானம் ஆட்டக்காரர் ஒரு வாய் மிச்சம் விட்டு எழும்பிப் போனார்கள். மிஸ்டர் மட்டும் தனி மேசையில் இருந்தார். அவருடைய தட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. சூசை அண்ணை கரண்டியோடு கிட்டப் போக, மிஸ்டர் உள்ளங்கையால் தட்டை மூடினார்.

"நோ."

சூசை அண்ணை உடனே பின்னுக்கு வந்தார். பாஸ்தாச் சட்டியை மூடினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாசலில் சிஞ்ஞோரா காவல் நின்றார்.

மிஸ்டர் யன்னலால் கடலைப் பார்த்தார். சட்டியின் மூடியைப் பார்த்தார். திரும்பக் கடலைப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்து கையை எடுத்தார்.

சூசை அண்ணை சிஞ்ஞோராவைப் பார்த்தார். சிஞ்ஞோரா கூரை முகட்டைப் பார்த்தார்.

சூசை அண்ணை மூடியைத் திறந்தார்.