நூற்றியொரு வெடி

என் வீட்டுக்காரருக்கு எங்கள் பகவதி கோயிலில் வெடி வழிபாடு போடும் வேலை. யாராவது நேர்ச்சைக்குச் சீட்டு எடுத்தால் மைக்கில் பேரும் நட்சத்திரமும் வாசிப்பார்கள். இவர் மதிலுக்குப் பின்னால் கதினா என்கிற இரும்புக் குழாயில் வெடிமருந்து இடித்துத் தீ வைப்பார். இருபது வருஷமாக ஊராரின் வேண்டுதலையெல்லாம் பகவதி அம்மைக்குக் கேட்கச் செய்தவர். அவருடைய காதை யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஒரு காதில் இரைச்சல் தொடங்கியது. "காதுக்குள்ள சீவீடு கெடந்து கத்துது" என்றார். மழைக்காலத்துச் சில்வண்டாவது விடிந்தால் ஓயும். இது ஓயவில்லை. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போவார். ஒன்றை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்ததால் நான் சிடுசிடுத்தேன். ஒருநாள் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதைக் கண்ட பிறகுதான் வாயை மூடினேன்.

பல வருஷம் கழித்துத் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், தலைக்கு வெளியிலிருந்தே லேசாகக் கரண்டு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். புது முறை, குணமாகும் என்று உறுதி தரமாட்டேன் என்று மலையாளத்தில் பலமுறை சொன்னார். ஊரிலோ பைத்தியத்துக்கு ஷாக் வைக்கிறார்கள் என்று பேச்சு. கூட இருந்து பார்த்தவள் நான். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகள், ஒன்று நெற்றியில், ஒன்று காதுக்கு மேலே. ரப்பர் வாரால் கட்டி இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார் இவர், அவ்வளவுதான். பெரிய சத்தத்தின் பக்கமே போகக்கூடாது என்பதை மட்டும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வெடி வேலையைக் கொழுந்தன் ஏற்றுக்கொண்டான்.

இரண்டாம் வாரம் திரும்பும் பஸ்ஸில், பாலராமபுரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நெய்யாற்றின்கரையில் எழுப்பினேன். "இப்பம் தூரத்துல எங்கயோ கத்துகது போல உண்டு" என்றார். பஸ்ஸில் வைத்தே அழுதேன். அந்த அழுகையிலேயே நேர்ந்தும் விட்டேன்: அம்மே, உனக்கு நூற்றியொரு வெடி.

இதைப் படிக்கிற நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எங்கள் ஊரில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் வெடி, பசு சுகமாக ஈன்றால் வெடி. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் வந்த சுகமும் போய்விடும் என்ற பயம் எனக்கு. யாருக்காக நேர்ந்தோமோ அவர் வெடி போடும்போது கோயில் நடையில் நிற்கவும் வேண்டும். அவர் தயங்கினார். "காதுல பஞ்சு வச்சுக்கிடுங்க. அம்மைக்க காரியமாக்கும்" என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

மைக்கில் அவர் பேரை வாசித்ததும் பஞ்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அம்மையின் முன்னால் காதை அடைத்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்தாராம். நானும் தடுக்கவில்லை, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கொழுந்தன் தீ வைத்தான். ஒன்றன்பின் ஒன்றாக நூற்றியொன்றும் வெடித்து முடிந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு காதில் இருந்த இரைச்சல் அன்று இரண்டு காதுக்கும் வந்தது.

திரும்ப டாக்டரிடம் போனோம். பக்கத்தில் பெரிய சத்தம் ஏதாவது கேட்டதா என்று அவர் கேட்டார். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டு, ரோட்டில் லாரி டயர் வெடித்தது என்றார். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்னும் ஒரு மாதம் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. இனி வர வேண்டாம் என்று டாக்டர் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். இரைச்சலில் என் பேச்சு விழவில்லை. காதருகே போய்த் திரும்பக் கேட்டேன்.

"டாக்டரு உன்ன ஏசுவாரு. அதையும் நான் இந்தக் காதுல கேக்கணுமா, ஏட்டி?" என்றார்.